இரண்டு போர்டு, மூன்று வயர்: தரவு இணைப்பு நெறிமுறையை நீங்களே கட்டிப் பாருங்கள்

கணினி வலையமைப்புப் பாடத்தில் தரவு இணைப்பு அடுக்கு என்று ஒன்று வரும். ஏழு அடுக்குகளில் கீழிருந்து இரண்டாவது. நேரடியாக இணைந்த இரண்டு கருவிகளுக்கிடையே தரவைச் சரியாகக் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. எச்டிஎல்சி அதன் நெறிமுறைகளில் ஒன்று, பிரேம் என்பது அதில் போகும் தரவுக் கட்டு. தேர்வில் 'எச்டிஎல்சி பிரேமின் அமைப்பைப் படத்துடன் விளக்குக' என்று கேட்பார்கள். ஆறு கட்டம் போட்டுப் பெயர் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். நானும் அப்படி வாங்கியவன்தான். அந்தக் கட்டங்கள் எதற்காக இருக்கின்றன என்பது பல வருடம் கழித்து, ஒரு லாரி எடைமேடையிலிருந்து கணினிக்கு எண்களைக் கொண்டுவர வேண்டியிருந்தபோதுதான் புரிந்தது. வயர் சரியாக இருந்தது, வேகம் சரியாக இருந்தது, எண்களும் வந்தன. ஆனால் பக்கத்துக் கொட்டகையில் மோட்டார் ஓடத் தொடங்கியதும் 12480 கிலோ லாரி 1480 கிலோவாகப் பதிவானது. நடுவில் ஒரே ஒரு பைட் காணாமல் போயிருந்தது. கணினிக்கு அதில் எந்தச் சந்தேகமும் எழவில்லை.

உங்களுக்கு அத்தனை வருடம் ஆக வேண்டாம். மூன்று நான்கு மாலைப் பொழுதுகள் போதும். இந்தக் கட்டுரை சொல்லும் முறை எளிமையானது: ஒவ்வொரு படியிலும் முதலில் இணைப்பை நீங்களே கெடுங்கள், என்ன பிழை வருகிறது என்று கண்ணால் பாருங்கள், அதன் பிறகே அதற்கான விதியைச் சேருங்கள். விதியை முதலில் படித்துவிட்டுக் கோளாறைத் தேடினால் இது மண்டையில் ஏறாது.

தேவையானவை

நிரல் ஏற்றி இயக்கக்கூடிய ஆர்டுவினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் போர்டுகள் இரண்டு, மூன்று ஜம்பர் வயர்கள், இரண்டு யுஎஸ்பி வாய்கள் உள்ள ஒரு கணினி. பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் வாய்க்குத் தொடர் வாய் என்று பெயர். ஊனோவில் உள்ள ஒரே தொடர் வாய் கணினியோடு பேசுவதற்குப் போய்விடும். ஆகவே போர்டுகள் தங்களுக்குள் பேச மென்பொருள் தொடர் வாய் (SoftwareSerial) நூலகத்தைப் பயன்படுத்துங்கள். 10-ஆம் முள் பெறுவதற்கு, 11-ஆம் முள் அனுப்புவதற்கு. இங்கே வயர்கள் குறுக்காகப் போக வேண்டும்: ஒன்றின் 10 மற்றதன் 11-உடன். மூன்றாவது வயர் தரை முனை (GND). இதை மறந்துவிட்டு நிரலில் பிழை தேடி ஒரு மாலையைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். இரண்டு போர்டுக்கும் பொதுவான தரை இல்லையென்றால் வருவதெல்லாம் குப்பையாகத்தான் இருக்கும்.

கையில் ஊனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 போர்டு இருந்தால் அது 3.3 வோல்ட்டில் இயங்குவது. ஊனோவின் 5 வோல்ட் முள்ளை அதில் நேராகச் செருகாதீர்கள். ஒரே வகைப் போர்டு இரண்டு வைத்துக்கொள்வது நிம்மதி.

ஒரு தாளும் பென்சிலும்கூட வேண்டும். இரண்டு இடங்களில் கணக்கைக் கையால் போடப் போகிறோம்.

முதல் படி: வெறும் பைட்டுகள்

வேகத்தை விநாடிக்கு 9600 பிட் என்று வையுங்கள். ஒவ்வொரு பைட்டின் எட்டுப் பிட்டும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு நிறுத்த பிட்டோடு மொத்தம் 10 பிட்டாகப் போகும். ஆகவே விநாடிக்கு 960 பைட். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் போர்டு ஒவ்வொரு கால் விநாடிக்கும் நான்கு பைட் அனுப்பட்டும்: வெப்பநிலை, ஈரப்பதம், மின்னழுத்தம், ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும் வரிசை எண். உணரி எதுவும் வேண்டாம், பொய்யான எண்களே போதும். இரண்டாவது போர்டு நான்கு நான்காக எடுத்துத் திரையில் காட்டட்டும். அழகாக ஓடும். இப்போது அனுப்பும் வயரைச் சட்டென்று பிடுங்கி மறுபடி செருகுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போதும், ஈரப்பதம் இருக்க வேண்டிய இடத்தில் மின்னழுத்தம் வந்து நிற்கும். அதைவிட முக்கியம், அதன் பிறகு அது ஒருபோதும் தானாகச் சரியாகாது. பெறுபவர் எண்ணிக்கொண்டே போகிறார். ஒரு பைட் தவறினால் கடைசிவரை தவறு. எடைமேடையில் எனக்கு நடந்ததும் இதன் ஒரு வகைதான்.

இரண்டாம் படி: எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது

பைட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரிக்க வேண்டும். பாடநூல்கள் அந்தக் கட்டைச் சட்டகம் என்கின்றன. ஆய்வகத்தில் பிரேம் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் பிரேம் என்றே எழுதுகிறேன்.

பிரேமின் எல்லையைக் காட்டப் பல வழிகள் உண்டு. முன்னாலேயே நீளத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் நீளத்தைச் சொன்ன அந்தப் பைட்டே கெட்டுப்போனால் பெறுபவர் எங்கேயோ போய் நிற்பார். இந்த வழியில் போன டெக் என்ற கணினி நிறுவனத்தின் டிடிசிஎம்பி நெறிமுறை, தலைப்புப் பகுதிக்கென்றே தனியாக ஒரு பிழைச் சரிபார்ப்பு வைத்தது இதனால்தான். மௌனத்தாலும் எல்லை காட்டலாம். தொழிற்சாலைகளிலும் மின்மீட்டர்களிலும் இன்றும் ஓடும் மோட்பஸ் ஆர்டியு, மூன்றரை எழுத்துக்கான நேரம் வயர் அமைதியாக இருந்தால் பிரேம் முடிந்தது என்று கொள்கிறது. மூன்றாவது வழி, எல்லைக்கென்று ஒரு தனிக் குறி வைப்பது. நாம் இதைத்தான் எடுக்கிறோம்.

நம் குறி 126. இரும எண்ணில் 01111110, நடுவில் ஆறு ஒன்றுகள். இதற்குக் கொடி என்று பெயர். ஐபிஎம் 1970-களில் கொண்டுவந்த எஸ்டிஎல்சியும், அதைப் பின்பற்றிச் சர்வதேசத் தர அமைப்பு வகுத்த எச்டிஎல்சியும் பயன்படுத்துவது இதே கொடியைத்தான்.

கொடி வைத்த உடனே அடுத்த தொல்லை வரும். வெப்பநிலைக்குப் பதில் 126 என்ற மதிப்பையே அனுப்பிப் பாருங்கள். பெறுபவர் அதைக் கொடி என்று நினைத்துப் பிரேமை நடுவில் வெட்டிவிடுவார். தரவுக்குள் கொடி தோன்றவே கூடாது, ஆனால் தரவில் எதுவும் இருக்கலாம். இந்த இரண்டையும் எப்படி ஒன்றாகக் காப்பாற்றுவது?

எச்டிஎல்சியின் விடையைத் தாளில் போட்டுப் பாருங்கள். அனுப்புபவர் தொடர்ந்து ஐந்து ஒன்றுகள் அனுப்பியதும், அடுத்தது என்னவாக இருந்தாலும், ஒரு பூஜ்யத்தை நுழைத்துவிடுகிறார். தரவு 011111101111100 என்று வைத்துக்கொள்வோம். வயரில் போவது 01111101011111000. பதினைந்து பிட் பதினேழாகிவிட்டது. இரண்டாவது இடத்தைக் கவனியுங்கள்: அங்கே ஐந்து ஒன்றுகளுக்குப் பிறகு தரவிலேயே பூஜ்யம்தான் வருகிறது, ஆனாலும் இன்னொரு பூஜ்யம் நுழைக்கப்படுகிறது. 'ஏற்கெனவே பூஜ்யம் இருக்கிறதே, எதற்கு இன்னொன்று' என்று இங்கே மிச்சம் பிடிப்பவர்கள் எல்லாரும் தேர்வில் மதிப்பெண் இழப்பார்கள். பெறுபவரிடம் மூளை கிடையாது. ஐந்து ஒன்றுகளுக்குப் பின் வரும் பூஜ்யத்தை எடுத்து எறி என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். இந்தத் திணிப்பு எச்டிஎல்சியோடு நின்றுவிடவில்லை. யுஎஸ்பியில் ஆறு ஒன்றுகளுக்குப் பிறகு பூஜ்யம் நுழைகிறது. கார்களுக்குள் ஓடும் கேன் இணைப்பில் ஐந்து ஒரே மாதிரிப் பிட்டுகளுக்குப் பிறகு எதிர்ப் பிட் நுழைகிறது.

நம் போர்டு பிட்டுகளைத் தனித்தனியாக அனுப்பாது, பைட்டாகத்தான் அனுப்பும். ஆகவே நாம் பிபிபியின் வழியைப் பின்பற்றுவோம். தொலைபேசி மோடத்தின் காலத்தில் வீடுகளை இணையத்தோடு இணைத்த நெறிமுறை அது. அதன் இன்றைய வடிவம் 1994-இல் வெளியானது. அங்கே 125 என்பது விலக்குக் குறி. தரவில் 126 வந்தால் 125, 94 என்று இரண்டு பைட்டாக அனுப்பு. 125 வந்தால் 125, 93. அதாவது விலக்குக் குறியைப் போட்டுவிட்டு அசல் மதிப்பில் 32-ஐக் குறைத்து அனுப்புகிறோம். சரியாகச் சொன்னால், 32 மதிப்புள்ள பிட்டைத் திருப்புகிறோம். ஆக 65, 126, 125, 66 என்ற தரவு 65, 125, 94, 125, 93, 66 என்று போகும்.

பெறும் பக்கத்து நிரலை எழுதும்போது சில சின்ன விஷயங்கள் உண்டு. அடுத்தடுத்து இரண்டு கொடி வந்தால் நடுவில் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுங்கள், அது பிழை அல்ல. விலக்குக் குறிக்கு அடுத்ததாகவே கொடி வந்தால் அந்தப் பிரேமைத் தூக்கி எறியுங்கள். கொடி வராமல் தரவு போய்க்கொண்டே இருந்தால், வந்த பைட்டுகளைச் சேர்த்துவைக்கும் உங்கள் இடையகம் நிரம்பும் முன் நிறுத்தி, அடுத்த கொடி வரும்வரை எல்லாவற்றையும் புறக்கணியுங்கள். இந்த மூன்றாவதை எழுதாமல் விட்டால் போர்டு நினைவகத்தில் எழுதக் கூடாத இடத்தில் எழுதித் தானே செயலிழக்கும்.

இப்போது வயரைப் பிடுங்கிச் செருகுங்கள். ஒன்றிரண்டு பிரேம் கெடும். அடுத்த கொடியிலிருந்து எல்லாம் மறுபடி சரியான இடத்தில் வந்து நிற்கும்.

மூன்றாம் படி: வந்தது சரிதானா

எல்லை தெரிந்துவிட்டது, உள்ளே இருப்பது நம்பத்தக்கதா என்று தெரியவில்லை. பலருக்கும் முதலில் தோன்றுவது எல்லாப் பைட்டையும் கூட்டி, கூட்டுத்தொகையைக் கடைசியில் அனுப்பலாம் என்பது. செய்து பாருங்கள். பிறகு இரண்டு பைட்டுகளை இடம் மாற்றி அனுப்புங்கள். கூட்டுத்தொகை மாறாது, பிழை பிடிபடாது. ஒரு பைட்டில் ஒன்று கூடி இன்னொன்றில் ஒன்று குறைந்தாலும் அதே கதை.

அதனால் வகுத்தல். இதுதான் சிஆர்சி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், பள்ளியில் போட்ட நீள் வகுத்தலேதான், ஒரே வித்தியாசம் கடன் வாங்குவது கிடையாது. கழித்தலுக்குப் பதில், இரண்டும் ஒன்றானால் 0, வேறானால் 1. இதை எக்ஸார் என்பார்கள். தாளில் போடுங்கள்: செய்தி 1101, வகுக்கும் எண் 1011. வகுக்கும் எண்ணில் நான்கு பிட் இருப்பதால் செய்தியின் பின்னால் மூன்று பூஜ்யம் சேருங்கள்: 1101000. முதல் நான்கில் 1011-ஐக் கழித்தால் 0110. ஒரு பூஜ்யத்தை இறக்கினால் 1100, கழித்தால் 0111. இறக்கினால் 1110, கழித்தால் 0101. இறக்கினால் 1010, கழித்தால் 0001. மீதி 001. ஆகவே 1101001 என்று அனுப்புங்கள். பெறுபவர் இதை 1011-ஆல் வகுத்தால் மீதி 000 வர வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு பிட்டைத் திருப்பிவிட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள், மீதி பூஜ்யமாகாது.

போர்டில் 16 பிட் மீதி தரும் வகுத்தலைப் போடுவோம். ஒரு 16 பிட் மாறியை 65535-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு பைட்டையும் அதன் மேல் எட்டுப் பிட்டுகளோடு எக்ஸார் செய்யுங்கள். பிறகு எட்டு முறை: மேல் பிட் 1 என்றால் இடப்புறம் ஓரிடம் நகர்த்தி 4129-உடன் எக்ஸார், 0 என்றால் நகர்த்துவது மட்டும். அவ்வளவுதான். எழுதி முடித்ததும் 1 முதல் 9 வரையான இலக்கங்களை எழுத்துகளாக, அதாவது 49 முதல் 57 வரையான பைட்டுகளாக, கொடுத்துப் பாருங்கள். விடை 10673 வர வேண்டும். 12739 வந்தால் நீங்கள் 65535-க்குப் பதில் பூஜ்யத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். 36974 வந்தால் எங்கிருந்தோ எடுத்த நிரல் எச்டிஎல்சியும் பிபிபியும் பயன்படுத்தும் வகை. அது பிட்டுகளைத் தலைகீழ் வரிசையில் எடுத்துக்கொண்டு கடைசியில் எல்லாவற்றையும் திருப்பிப்போடும். மூன்றில் எது என்பதைவிட இரண்டு பக்கமும் ஒரே வகையா என்பதே கேள்வி. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை இணைக்கும்போது பாதி நாள் போவது இந்த இடத்தில்தான்.

இந்த 16 பிட் மீதி, ஒரு பிட் பிழையை எப்போதும் பிடிக்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் எத்தனை பிட் கெட்டாலும் பிடிக்கும். 16 பிட் நீளத்துக்குள் அடங்கும் தொடர் பிழை எதையும் பிடிக்கும். மோட்டார் ஓடும்போது வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட தொடர் பிழைதான். அதைவிட நீளமானவற்றில் சுமார் 65,536-க்கு ஒன்று தப்பலாம்.

வரிசை முக்கியம்: முதலில் சிஆர்சியைக் கணக்கிட்டுத் தரவின் பின்னால் சேருங்கள், அதன் பிறகு விலக்குக் குறிகளைப் போடுங்கள். சிஆர்சியின் இரண்டு பைட்டில் ஒன்றே 126 ஆக அமைந்துவிடலாம் அல்லவா? பெறும் பக்கத்தில் இது தலைகீழ்: முதலில் விலக்குக் குறிகளை நீக்கி, பிறகு சரிபார்ப்பு. சரியாக இல்லாத பிரேமைச் சத்தமில்லாமல் எறிந்துவிடுங்கள். 'கெட்டுவிட்டது, மறுபடி அனுப்பு' என்று பதில் சொல்லத் தோன்றும். கெட்ட பிரேமில் எந்தப் பைட்டையும் நம்ப முடியாது; எதை மறுபடி அனுப்பச் சொல்வீர்கள்?

நான்காம் படி: ஒப்புகை, கடிகாரம், ஒரு பிட் எண்

எறிந்ததை மறுபடி பெற வேண்டும். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை வந்தது போல, பெறுபவர் ஒவ்வொரு நல்ல பிரேமுக்கும் ஒரு சின்னப் பிரேமைத் திருப்பி அனுப்பட்டும். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராமல் கடிகாரம் அடித்தால் அனுப்புபவர் அதே பிரேமை மறுபடி அனுப்பட்டும்.

குறித்த நேரம் எவ்வளவு? குத்துமதிப்பாக ஒரு விநாடி என்று போடாதீர்கள், கணக்குப் பார்க்கலாம். நம் பிரேம்: கொடி 1, கட்டுப்பாடு 1 (இது தரவா ஒப்புகையா என்று சொல்ல), தரவு 32 வரை, சிஆர்சி 2, கொடி 1. மொத்தம் 37 பைட், விநாடிக்கு 960 என்ற வேகத்தில் 39 மில்லிவிநாடி. ஒப்புகைப் பிரேமில் தரவு இல்லை, 5 பைட், 5 மில்லிவிநாடி. ஆனால் மிக மோசமான நிலையில் கொடி தவிர்த்த எல்லாப் பைட்டுக்கும் விலக்குக் குறி தேவைப்படும். அப்போது 72-உம் 8-உம் சேர்ந்து 80 பைட், அதாவது 83 மில்லிவிநாடி. போர்டு கணக்குப் போட எடுக்கும் நேரத்தையும் சேர்த்து 120 என்று வையுங்கள், அனுப்பத் தொடங்கிய கணத்திலிருந்து. பத்து முறை அனுப்பியும் பதில் இல்லையென்றால் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று அறிவித்துவிடுங்கள்.

இனிக் கெடுப்போம். பெறுபவரின் நிரலில், பத்தில் ஒரு முறை வேண்டுமென்றே ஒப்புகை அனுப்பாமல் விடுங்கள். என்ன ஆகும்? மளிகைக் கடைக்குத் தொலைபேசியில் 'பத்துக் கிலோ பொன்னி அரிசி அனுப்புங்கள்' என்கிறீர்கள். கடைக்காரர் 'சரி' என்று சொல்லும் முன் இணைப்பு அறுந்துவிடுகிறது. அவர் கேட்டாரோ இல்லையோ என்று மறுபடி அழைத்துச் சொல்கிறீர்கள். மாலையில் இருபது கிலோ வந்து இறங்குகிறது. உங்கள் திரையிலும் அதே அளவீடு இரண்டு முறை தெரியும்.

தீர்வு, பிரேமுக்கு எண் கொடுப்பது. ஒரு நேரத்தில் ஒரே பிரேம்தான் பயணத்தில் இருக்கிறது என்பதால் ஒரு பிட் போதும்: 0, 1, 0, 1. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பார்ட்லெட், ஸ்கேன்டில்பரி, வில்கின்சன் ஆகிய மூவர் 1969-இல் வெளியிட்ட குறுங்கட்டுரையில் உள்ள வழி இது. கட்டுப்பாட்டுப் பைட்டில் இந்தப் பிட்டை வையுங்கள். பெறுபவர் 0-ஐ எதிர்பார்க்கும்போது 1 வந்தால் அது பழையது, தரவை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன. இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன். முதலாவது, பழைய பிரேம் வந்தால் தரவை எறிந்தாலும் ஒப்புகையை மறுபடி அனுப்பியே ஆக வேண்டும். 'ஏற்கெனவே வாங்கிவிட்டேனே' என்று பேசாமல் இருந்துவிட்டால், அனுப்புபவர் அதையே அனுப்பிக்கொண்டிருப்பார், நீங்கள் எறிந்துகொண்டிருப்பீர்கள், முடிவே வராது.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஒப்புகையிலும் எண் வேண்டும். கடிகாரத்தை 120-க்குப் பதில் 30 மில்லிவிநாடியாக வைத்துவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள். 0 எண் பிரேம் போகிறது. ஒப்புகை கிளம்பும் முன்பே கடிகாரம் அடித்து, 0 மறுபடி போகிறது. முதல் ஒப்புகை வருகிறது. அனுப்புபவர் மகிழ்ந்து 1-ஐ அனுப்புகிறார், அது வழியில் கெடுகிறது. அந்த நேரம் பார்த்து இரண்டாவது 0-க்கான ஒப்புகை வந்து சேர்கிறது. ஒப்புகையில் எண் இல்லையென்றால் அவர் அதை 1-க்கான ஒப்புகையாக எடுத்துக்கொள்வார். 1 என்றென்றைக்கும் தொலைந்தது, இரண்டு பக்கமும் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

ஐந்தாம் படி: கைகுலுக்கல்

எண் கொடுத்தாகிவிட்டது என்ற நிம்மதியில், ஓட்டத்தின் நடுவே பெறும் போர்டின் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். பத்துப் பதினைந்து முறை அழுத்தினால், சில முறை ஒன்றும் ஆகாது, சில முறை ஒரு அளவீடு காணாமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. காரணம் இது: ரீசெட் ஆன போர்டு 0-இலிருந்து எதிர்பார்க்கத் தொடங்குகிறது, அனுப்புபவர் அப்போது 1-இல் இருந்தால், பெறுபவர் அதைப் பழையது என்று எறிந்துவிட்டு ஒப்புகையும் அனுப்பிவிடுகிறார். நாம் சற்றுமுன் கட்டாயம் என்று சொன்ன விதியே இங்கே தரவைத் தின்றுவிடுகிறது.

ஆகவே தரவு போகும் முன், 'இருவரும் 0-இலிருந்து தொடங்குவோம்' என்று ஒரு பிரேம், 'சரி' என்று ஒரு பதில். எழுந்த போர்டு எதுவானாலும் இதைச் செய்து முடிக்கும்வரை தரவை ஏற்கவோ ஒப்புகை அனுப்பவோ கூடாது. எச்டிஎல்சியில் இவற்றின் பெயர்கள் எஸ்ஏபிஎம், யுஏ. பாடநூலில் இவை ஒரு நீண்ட அட்டவணையின் இரண்டு வரிகள். எதற்கென்று அங்கே சொல்லமாட்டார்கள்.

ஆறாம் படி: இரக்கமில்லாமல் சோதியுங்கள்

தரவுக்குள் 1 முதல் 10,000 வரை எண்களை, பிரேமுக்கு ஒன்றாக, வைத்து அனுப்புங்கள். 32 பைட் நிரப்பி அனுப்பினால், பிழையில்லாத வயரில் இது ஏழு நிமிடத்துக்குச் சற்று அதிகம் எடுக்கும். பிறகு நிரலில் பத்தில் ஒரு பிரேமை விழுங்குங்கள், பத்தில் ஒரு ஒப்புகையையும் விழுங்குங்கள். இப்போது 12 நிமிடம் போல ஆகும். தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். பெறுபவரிடம் ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு முறை, வரிசையாக வந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் நான்காம் படிக்குத் திரும்புங்கள். நல்ல பிரேம், கெட்ட சிஆர்சி, கடிகாரம் அடித்தது, பழைய பிரேம் என நான்கு எண்ணிக்கைகளைத் திரையில் காட்டுங்கள். பின்னாளில் உண்மையான களத்தில் கோளாறு வந்தால் வயரா, வேகமா, நிரலா என்பதை இந்த நான்கு எண்களே காட்டிக்கொடுக்கும்.

தூரம் கூடினால்

மேசை மேல் இருக்கும் வயருக்கு இதுவரை செய்ததே போதும். பிரேம் 37, ஒப்புகை 5, ஆக 42 பைட்டுக்கான நேரத்தில் 32 பைட் தரவு போகிறது, நூற்றுக்கு 76 பங்கு. இதையே செயற்கைக்கோள் வழியாக அனுப்பிப் பார்ப்போம், கணக்கில் மட்டும். புவிநிலைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போய்க் கீழே வர ஏறக்குறைய கால் விநாடி, பதிலுக்கு இன்னொரு கால் விநாடி. விநாடிக்கு 10 லட்சம் பிட் வேகத்தில் 1000 பைட் பிரேம் 8 மில்லிவிநாடியில் கிளம்பிவிடும். பிறகு 500 மில்லிவிநாடி சும்மா காத்திருக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு பங்குகூடப் பயன்படவில்லை.

அதனால் ஒப்புகைக்குக் காத்திராமல் அடுத்தடுத்து அனுப்புகிறார்கள். ஒப்புகை வராமல் எத்தனை பிரேம் வெளியே இருக்கலாம் என்பதே சாளரம். இந்தச் செயற்கைக்கோள் இணைப்பு நிரம்ப 508-ஐ 8-ஆல் வகுத்தால், 64 பிரேம் வெளியே இருக்க வேண்டும். சாதாரண எச்டிஎல்சியில் வரிசை எண்ணுக்கு 3 பிட், 0 முதல் 7 வரை. ஆகவே சாளரம் 7-ஐத் தாண்டாது. எச்டிஎல்சியில் 7 பிட் எண்களோடு நீட்டிக்கப்பட்ட முறை ஒன்று தனியாக இருப்பது இந்த மாதிரித் தூரங்களுக்காகத்தான். அதில் 127 வரை போகலாம்.

எட்டு எண் இருக்கும்போது ஏன் எட்டுப் பிரேம் கூடாது? 0 முதல் 7 வரை அனுப்புகிறீர்கள், எல்லாம் போய்ச் சேருகின்றன, எட்டு ஒப்புகையும் தொலைகின்றன. மறுபடி 0 முதல் 7 அனுப்பினால், பெறுபவர் அடுத்த சுற்றின் 0 என்று நினைத்து எல்லாவற்றையும் புதிதாக வாங்கிக்கொள்வார். பழைய இருபது கிலோ அரிசிதான், இந்த முறை எட்டு மூட்டை. நடுவில் ஒன்று கெட்டால் அதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும் முறைக்கு இந்த வரம்பு. கெட்டதை மட்டும் மறுபடி அனுப்பும் முறையில் பெறுபவர் முன்பின்னாக வருவதையும் சேமித்து வைப்பதால் குழப்பம் இன்னும் கூடும். 3 பிட்டுக்கு 4 தான் வரம்பு. இதையெல்லாம் போர்டில் செய்துபார்க்க ஆசை வந்தால் ஊனோ போதாது, அதன் மென்பொருள் தொடர் வாயால் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியாது. நான்கு தொடர் வாய்கள் உள்ள ஆர்டுவினோ மெகாவுக்கு மாறுங்கள்.

இனி உங்களைச் சுற்றிப் பாருங்கள்

மேசையில் இருக்கும் ஈதர்நெட் வயரில் 32 பிட் சிஆர்சி உண்டு, ஒப்புகை கிடையாது. கெட்ட பிரேம் எறியப்படும், யாரும் சொல்ல மாட்டார்கள். மேல் அடுக்கில் இருக்கும் டிசிபி என்ற நெறிமுறை கவனித்துக்கொள்ளும். வயரில் பிழை அபூர்வம் என்பதால் இது கட்டுப்படியாகிறது. வைஃபையில் காற்று அப்படி நம்பகமானதல்ல. ஒருவருக்கென்று போகும் பிரேம்களுக்கு அங்கே ஒப்புகை உண்டு, வராவிட்டால் மறுபடி அனுப்புவதும் உண்டு. நான்காம் படி முழுவதும் உங்கள் கைபேசிக்குள் இந்த நிமிடமும் நடந்துகொண்டிருக்கிறது. வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பிபிபிஓஇ என்ற சொல்லும் 1492 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஈதர்நெட் பிரேமுக்குள் பிபிபியை வைத்து அனுப்புவதால், 1500-இல் 8 பைட் தலைப்புகளுக்குப் போய்விட்டது. எல்லையை ஈதர்நெட்டே காட்டிவிடுவதால் கொடியும் விலக்குக் குறியும் அங்கே தேவையில்லை.

நீங்கள் கட்டியதில் கொடி, கட்டுப்பாடு, தரவு, சிஆர்சி, கொடி என ஐந்து கட்டம் இருக்கிறது. தேர்வுத் தாளில் ஆறு. விட்டுப்போனது முகவரி. இரண்டே பேர் பேசும்போது அது தேவைப்படவில்லை. மூன்றாவது போர்டை வாங்கினால் தேவைப்படும். அனுப்பும் முள்களை நேரடியாகச் சேர்த்துக் கட்டாதீர்கள், ஒன்றோடொன்று மோதிப் போர்டு கெடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆர்எஸ்-485 சில்லு வைத்து ஒரே இணை வயரில் தொங்கவிடுங்கள். முதல் கொடிக்கு அடுத்து ஒரு பைட் சேர்த்து, யாருக்கு என்று எழுதுங்கள். ஒரு போர்டு தலைமை, அது கேட்டால் மட்டுமே மற்றவை பேசலாம். 255 என்றால் எல்லோருக்கும். பிபிபி பிரேமில் முகவரி வழக்கமாக 255 ஆகவே இருப்பதைப் பார்ப்பீர்கள். மறுமுனையில் இருப்பது ஒரே ஒருவர் என்பதால் தனி முகவரி அங்கே வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மூன்று போர்டு வயரில் 255-க்கு வந்த பிரேமுக்கு யாரும் ஒப்புகை அனுப்பக் கூடாது. அனுப்பினால் எல்லாப் போர்டுகளும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும்.